பெல்ட்டுச் சாயம் பூசிய வயலின்

பெட்டியைத் திறந்து அக்கா வயலினை வெளியே எடுத்ததும் அம்மா கேட்டாள்: "ஏன்டி, இது என்ன உரிச்ச கோழி மாதிரி இருக்கு?"

அதுவரை எங்கள் வீட்டில் எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

அம்மா சொன்னதில் பிழையில்லை. நிறமும் வார்னிஷும் போடாத வயலின் அப்படித்தான் இருக்கும். வெளுத்துப்போய், குளித்துவிட்டுத் துண்டைத் தொலைத்தவன் மாதிரி. பூச்சு வேலையை நீங்களே பார்த்துக்கொள்வதாக இருந்தால் சல்லிசாகத் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னதும் அப்பா நெஞ்சை நிமிர்த்தியிருக்கிறார். அப்பா தச்சர். கதவு, ஜன்னல், அலமாரி. "வீடு வீடா வார்னிஷ் அடிச்சவனுக்கு இந்தச் சுரைக்காய் எம்மாத்திரம்?" என்று சொல்லித்தான் வாங்கி வந்தார்.

அக்காவுக்கு அது சுரைக்காய் இல்லை. நகரத்து இசைக்குழுவில், இரண்டாம் வயலின் வரிசையில் ஒரு நாற்காலி காலியாகியிருந்தது. அந்தக் குழுவில் இடம் காலியாக வேண்டுமென்றால் யாராவது ஓய்வு பெற வேண்டும், இல்லாவிட்டால் உயிரை விட வேண்டும். வயலின் வாசிப்பவர்கள் இரண்டையும் அவ்வளவு சீக்கிரம் செய்வதில்லை. அக்கா ஓர் இசைப்பள்ளியில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். அதாவது, பூனை வாலை மிதித்தால் வரும் சத்தத்தை நாள் முழுக்கச் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதிலிருந்து தப்பிக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அந்த நாற்காலி. தேர்வுக்குச் சொந்தக் கருவியோடு வர வேண்டும் என்பது இசைக்குழுவின் விதி. பள்ளிக்கூடத்து வயலின் வாசலைத் தாண்டக்கூடாது என்பது பள்ளிக்கூடத்தின் விதி. இந்த இரண்டு விதிகளுக்கும் பிறந்த பிள்ளைதான் உரிச்ச கோழி.

"அங்க வர்றவங்க எல்லாம் தேன் கலர்ல, கருஞ்சிவப்புல, பாத்தாலே நூறு வருஷம் வாசிச்சது மாதிரி வச்சிருப்பாங்க," என்றாள் அக்கா. "நான் இதைத் தூக்கிட்டுப் போய் நின்னா, வில்லைக் கையில எடுக்குறதுக்குள்ளயே 'ரொம்ப சந்தோஷம், போயிட்டு வாங்க'ன்னுடுவாங்க."

"கலர்தானே? அடிச்சிட்டாப் போச்சு," என்றார் அப்பா. ஒரு துண்டுப் பலகையில் தன்னிடமிருந்த மரச்சாயத்தைத் தடவிக் காட்டினார்.

"இது நம்ம பாத்ரூம் கதவு கலர்."

"அதுக்கென்ன? பத்து வருஷமா அப்படியே இருக்குல்ல?"

அக்கா அழவில்லை. அக்கா அழ மாட்டாள். நகத்தைக் கடிப்பாள், பிறகு யாரையாவது கடிப்பாள். இந்தச் சமயத்தில்தான் சித்தப்பா உள்ளே வந்தார்.

சித்தப்பா பக்கத்துத் தெருவில் பெல்ட், பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். அவரும் அப்பாவும் பேசிக்கொள்வதில்லை. பட்டறைக்கு அப்பா செய்துகொடுத்த கதவு மழை பெய்தால் திறக்காது. அப்பாவுக்குச் சித்தப்பா தைத்துக்கொடுத்த பெல்ட் ஒரு கல்யாண மண்டபத்தில் படியேறும்போது அறுந்தது. எது முதலில் நடந்தது என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆனால் தினமும் இருவரும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்துதான் காப்பி குடிப்பார்கள். பேச்சு மட்டும் என் வழியாகப் போகும். கல்லூரியில் நான் என்ன படிக்கிறேன் என்று யாராவது கேட்டால், தகவல் தொடர்பு என்று சொல்லலாம்.

"டேய், உங்கப்பாகிட்ட சொல்லு. என்கிட்ட தோல் சாயம் இருக்கு. அருமையான கரும்பழுப்பு. ஒரு தடவை தேய்ச்சா உள்ள இறங்கிடும், சுரண்டினாலும் போகாது."

அப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறது.

"தோல் சாயம் இருக்காம்ப்பா."

"கட்டைக்கு ஏதுடா தோலுன்னு கேளு."

"கட்டைக்கு ஏது தோலுன்னு கேக்குறார் சித்தப்பா."

"சாயத்துக்குக் கண்ணு இல்லன்னு சொல்லு. மாடா மரமான்னு அதுக்குத் தெரியாது. ஸ்பிரிட்டுல கரைச்சது. குடிக்கிறது எதுவா இருந்தாலும் உள்ள போகும்."

"குடிக்கிறவன் எல்லாம் குடிச்சிட்டு நேரா நிக்க மாட்டான்னு சொல்லு."

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க," என்றாள் அக்கா. "கலரைக் காட்டுங்க சித்தப்பா."

சித்தப்பா தன் இடுப்பிலிருந்த பெல்ட்டையே கழற்றிக் காட்டினார். வெளிச்சத்தில் பிடித்தால் பழுப்புக்குள்ளிருந்து சிவப்பு எட்டிப்பார்க்கும் நிறம். அக்காவின் முகம் மாறிவிட்டது. "இதேதான்," என்றாள். ஒரு கையால் பேண்டைப் பிடித்துக்கொண்டு சித்தப்பா வெற்றிப் புன்னகை பூத்தார்.

வேலைப் பங்கீடும் என் வழியாகவே முடிவானது. சாயம் சித்தப்பா பட்டறையில். வார்னிஷ் அப்பா கையால். நான் நடுவில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு வீட்டுக்கும் அலையும் தரகன் மாதிரி. அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"கழுத்துல மட்டும் சாயமும் வேணாம், வார்னிஷும் வேணாம். அதைப் பிடிச்சுத்தான் வாசிப்பேன். கை வழுக்கிக்கிட்டு மேல போகணும், கீழ வரணும். ஒட்டுச்சுன்னா நான் காலி. புரியுதா?"

"கை வழுக்கணும். புரிஞ்சுது," என்றார் சித்தப்பா.

அவருக்கு எப்படிப் புரிந்தது என்பது எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது.

பட்டறையில் ஸ்பிரிட் நெடி மூக்கைத் துளைத்தது. சித்தப்பா கம்பளித் துணியைச் சுருட்டிச் சாயத்தில் தோய்த்து, வயலினின் முதுகில் ஒரே இழுப்பாக இழுத்தார். முதுகுப் பலகை கெட்டி மரம். அதிலிருந்த வரிகளெல்லாம் உள்ளிருந்து விளக்குப் போட்டது போல எழுந்து வந்தன. நானே கொஞ்சம் அசந்துபோனேன். "பாத்தியா? கதவு அடிக்கிறவனுக்கு இது வருமா?" என்றார் சித்தப்பா.

பிறகு திருப்பி முன்பலகையில் இழுத்தார்.

முன்பலகை மெத்தென்ற மரம். அது சாயத்தைக் குடிக்கவில்லை, மொடாக்குடியாகக் குடித்தது. ஓரங்களில் கறுப்பாகவும் நடுவில் திட்டுத் திட்டாகவும் இறங்கியது. பார்த்தால் தேமல் வந்த கன்னம். அது போதாதென்று இடுப்பு வளைவுக்குப் பக்கத்தில் சாயம் ஏறாத வெள்ளையாக ஒன்று தெரிந்தது. குனிந்து பார்த்தேன். ஒரு கட்டைவிரல் ரேகை. அச்சு அசலாக, சுழி முதற்கொண்டு.

"இது யார் விரல் சித்தப்பா?"

"எனக்கென்ன தெரியும்? நான் என்ன போலீஸா?"

அப்பா வந்து பார்த்ததுமே தலையில் அடித்துக்கொண்டார். "பசைடா. இதைச் செஞ்சவன் பசைக் கையோட தொட்டிருக்கான். பசை இருக்கிற இடத்துல சாயம் இறங்காது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காம சாயம் அடிச்ச மேதாவி எவன்னு கேளு."

"கேக்குறார் சித்தப்பா."

"காதுல விழுந்துச்சு. எங்க தொழில்ல பசைக் கையோட சாமானைத் தொட்டா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவோம்னு சொல்லு."

அப்பா உப்புத்தாளை எடுத்தார். தேய்த்தார். தேமலும் ரேகையும் போயின. மறுபடியும் சாயம். மறுபடியும் தேமல். ரேகை மட்டும் இந்த முறை பாதிதான் தெரிந்தது, சாட்சி பாதி வாக்குமூலத்தை மாற்றிக்கொண்டது போல. அப்பா மறுபடியும் தேய்க்க உட்கார்ந்தபோது அக்கா வேலை முடிந்து வந்து சேர்ந்தாள். பார்த்தவள் பையைக் கீழே போட்டாள்.

"அப்பா! இது கதவு இல்லப்பா. முன்பலகை அட்டை கனம்தான் இருக்கும். நீங்க தேய்க்கத் தேய்க்க சத்தம் மாறிக்கிட்டே இருக்கும்."

"நல்லா மாறுமா, கெட்டுப்போகுமா?"

"அது தெரிஞ்சா நான் ஏன் கத்தப்போறேன்?"

அப்பா உப்புத்தாளை மெதுவாகக் கீழே வைத்தார். நான்கு பேரும் அந்தத் தேமலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தேய்த்தால் சத்தம் போகும். தேய்க்காவிட்டால் மானம் போகும். நிறம் போடாமலே விட்டிருக்கலாமே என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் இருப்பதில் எங்கள் குடும்பத்துக்குப் பரம்பரைத் தேர்ச்சி உண்டு.

கடைசியில் சித்தப்பாவே வழி கண்டுபிடித்தார். சாயத்தில் ஸ்பிரிட்டை ஊற்றி வெளுத்த டீத்தண்ணி பதத்துக்குக் கொண்டுவந்து, ஒரே அடியாக அடிக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். தேமல் ஒருவழியாக மங்கியது. ரேகை இருந்த இடத்தை அக்கா வாசிக்கும்போது கை மறைத்துவிடும் என்று முடிவு செய்யப்பட்டது. வாசிக்கும்போது கை அந்தப் பக்கமே போகாது என்று அக்கா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

நான் வயலினை வீட்டுக்கு எடுத்து வந்தேன். அப்பா வார்னிஷ் அடித்தார். கண்ணாடி மாதிரி பளபளத்தது. "காலையில காய்ஞ்சிடும்," என்றார்.

காலையில் காயவில்லை. மாலையிலும் காயவில்லை. மறுநாள் ஓர் ஈ அதில் உட்கார்ந்தது. எழுந்திருக்கவில்லை. அப்பா ஊசியால் அதை எடுத்தார். கால் ஒன்று அங்கேயே தங்கிவிட்டது.

"மேகமூட்டம்," என்றார் அப்பா.

மின்விசிறியைத் திருப்பி வைத்தோம். அம்மாவின் தலைமுடி உலர்த்தும் கருவியைப் பிடித்தோம். வார்னிஷ் டப்பாவைத் திட்டினோம், டப்பா விற்ற கடைக்காரரைத் திட்டினோம். அப்பா வாழ்நாளில் எத்தனையோ கதவுக்கு வார்னிஷ் அடித்திருக்கிறார். ஒன்றுகூட இப்படி அவமானப்படுத்தியதில்லை. போகிற வருகிற நேரமெல்லாம் ஒரு விரலால் தொட்டுப் பார்ப்பார்; ஒவ்வொரு முறையும் அவர் ரேகையே அதில் பதிந்தது. வயலினில் இப்போது இரண்டு பேருடைய கைநாட்டு இருந்தது.

"சித்தப்பாகிட்ட கேக்கட்டுமா?" என்றேன்.

"அவன்கிட்ட என்ன கேக்குறது? வார்னிஷ் என் வேலை."

தேர்வன்று காலையில் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு தந்திகளைப் பூட்டினாள். உடம்பு இன்னும் பிசுபிசுத்தது. தோளில் ஒரு பழைய கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டாள். கழுத்தைத் தடவிப் பார்த்து, "இதாவது வழவழன்னு இருக்கு," என்றாள். நேரமாகிவிட்டதால் இரண்டு வரி மட்டும் வாசித்துப் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடினாள். அப்பா, சித்தப்பா, நான், மூவரும் கூடவே கிளம்பினோம். வேண்டாம் என்று அக்கா சொன்னாள். அது என் வழியாகச் சொல்லப்படாததால் யாருக்கும் கேட்கவில்லை.

இசைக்குழு அலுவலகத்தில் நீண்ட நடைக்கூடம். சுவரோரம் நாற்காலிகள். ஆளாளுக்கு ஒரு மூலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோர் வயலினும் தேன் நிறம், கருஞ்சிவப்பு. அக்கா சொன்னது சரிதான். அவளும் எடுத்து வாசிக்க ஆரம்பித்தாள். விரல்கள் வேகம் பிடித்து, கை மேலே ஏற வேண்டிய இடம் வந்தது.

கை ஏறவில்லை. கீச்சென்று ஒரு சத்தத்தோடு பாதியில் நின்றது.

"சனியன், ஒட்டுது!" என்றாள். உள்ளங்கையைத் திருப்பினாள். கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டு வரை பழுப்பு. கழுத்தில் இல்லாத சாயம் அங்கே எப்படி வந்தது?

அப்பா வயலினை வாங்கி, கழுத்தில் மூக்கை வைத்து முகர்ந்தார். பிறகு தலையை நிமிர்த்தி, என்னைப் பார்க்காமல், என் தலைக்கு மேலாக நேரே சித்தப்பாவைப் பார்த்தார்.

"எண்ணெய் போட்டியாடா?"

நான் அதைத் திருப்பிச் சொல்ல வாயெடுத்தேன். தேவைப்படவில்லை.

"போட்டேன்ண்ணே. சாயம் போட்டா வறண்டுடும்ல. எண்ணெய் குடுக்கலன்னா வெடிச்சிடும்."

"வெடிக்கிறது தோல்டா! மரம் எதுக்குடா வெடிக்கும்? எண்ணெய்க்கு மேல வார்னிஷ் எப்படிக் காயும்? ஏன்டா சொல்லல?"

"இதெல்லாம் சொல்வாங்களா? குளிச்சா தலை துவட்டினேன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டா திரியிறோம்?"

"கழுத்துல எதுக்கு?" என்றாள் அக்கா. குரல் தாழ்ந்திருந்தது. அதுதான் ஆபத்து.

"நீதானேம்மா கை வழுக்கணும்ன? சாயம் வேணாம்ன, போடல. வார்னிஷ் வேணாம்ன, அடிக்கல. வழுக்கணும்னா எண்ணெயும் மெழுகும்தானே? குதிரைச் சேணத்துக்குப் போடுற உசத்திச் சரக்கு. எவ்வளவு வழவழன்னு இருந்துச்சு!"

ஆறிக் கிடந்தபோது இருந்தது. கைச்சூடு பட்டதும் மெழுகு இளகிப் பசையாகி, உடம்பிலிருந்த சாயத்தையும் கழுத்துக்கு இழுத்து வந்திருந்தது. நடைக்கூடத்தில் வாசித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். மற்றவர்களின் துன்பத்தைத் தாளம் தப்பாமல் ரசிப்பதும் ஒரு கலை.

அப்பா சட்டைப்பையிலிருந்து உப்புத்தாளை எடுத்தார். அது இல்லாமல் அவர் எங்கும் போவதில்லை. சித்தப்பாவின் பையில் ஸ்பிரிட் இருந்தது. "பிடி," என்றார் அப்பா. சித்தப்பா தரையில் உட்கார்ந்து வயலினை இரண்டு முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டார்.

"ஆட்டாதடா."

"நீ அழுத்தாதண்ணே."

"துணி."

"இந்தா."

ஸ்பிரிட்டில் துடைத்தார்கள், தேய்த்தார்கள், மறுபடி துடைத்தார்கள். கழுத்து மறுபடியும் உரிச்ச கோழியானது. அக்கா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, காற்றில் இல்லாத தந்திகளின் மேல் விரல்களை ஓட்டிக்கொண்டிருந்தாள். அவள் உதடுகள் அசைந்தன. அது சுரங்களா வசவுகளா என்று நான் விசாரிக்கவில்லை.

இசைக்குழுப் பணியாளர் ஒருவர் வந்து அழைத்தார். "அடுத்தது நீங்க. செருப்பைக் கழட்டிடுங்க. உள்ள போனா பேசக் கூடாது, இருமக் கூடாது. திரைக்கு இந்தப் பக்கம் நின்னு வாசிச்சிட்டு வந்துடணும்."

"என்ன திரை?"

"நடுவர்கள் அந்தப் பக்கம் இருப்பாங்க. அவங்களுக்கு ஆளும் தெரியாது, வயலினும் தெரியாது. வெறும் சத்தம்தான். இந்த வருஷத்துலேருந்து இப்படி. போன தடவை யாரோ புகார் குடுத்துட்டாங்க."

அக்கா எங்களைப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்தார். சித்தப்பா தன் நகங்களைப் பார்த்தார். அவை பழுப்பாக இருந்தன. எனக்குப் பார்க்க எதுவும் மிச்சமில்லாததால் அக்காவையே பார்த்தேன்.

"அப்ப கலர்..." என்று ஆரம்பித்தார் சித்தப்பா.

"நான் வெளிய வர்றதுக்குள்ள ரெண்டு பேரும் எங்கயாவது போயிடுங்க," என்று சொல்லிவிட்டு அக்கா வெறுங்காலோடு உள்ளே போனாள்.

யாரும் போகவில்லை. மூவரும் கதவில் காதை வைத்தோம். கதவு கனமானது, "நல்ல வேலை," என்று அப்பா முணுமுணுத்தார். அக்கா வாசித்தாள். கை ஏற வேண்டிய இடத்தில் ஏறியது. ஆனால் அவள் வீட்டில் எத்தனையோ முறை வாசித்துக் கேட்ட பாட்டில்லை அது. யாரையோ நிற்க வைத்துக் கேள்வி கேட்பது போல இருந்தது. அந்த யாரோ நாங்கள்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

உணவு இடைவேளைக்குப் பிறகு பணியாளர் வந்து சொன்னார், அக்கா இறுதிச் சுற்றுக்குத் தேறிவிட்டாள் என்று. அப்பாவும் சித்தப்பாவும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

"ஆனா இறுதிச் சுற்றுல திரை இல்ல," என்றார் பணியாளர். "நேர்லதான். வீட்டாளுங்களும் உள்ள வந்து உட்காரலாம்."

பிறகு சித்தப்பா பையைத் திறந்து, மிகுந்த பணிவோடு, "கழுத்துக்கு மட்டும் லேசா ஒரு கை..." என்றார்.

"தொட்டீங்க, கையை ஒடிச்சிடுவேன்," என்றாள் அக்கா.

திரை இல்லாத அறையில் ஐந்து நடுவர்கள். நடுவில் நரைத்த தலையோடு ஓர் அம்மா. அக்கா நின்ற கோலத்தைச் சொல்ல வேண்டும். வெள்ளைச் சட்டையின் தோளில் பழுப்புத் திட்டு, தாடையோரம் சவரம் செய்யாதது போல ஒரு தீற்றல், கையில் கழுத்து மட்டும் வெளுத்த வயலின். அதன் முன்பலகையில் ஜன்னல் வெளிச்சம் விழுந்தது. ரேகையும் தேமலும் அப்பாவின் விரல் பதிவுகளும் ஈயின் காலும் தெளிவாகத் தெரிந்தன.

அந்த அம்மா மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "இதுக்கு யாரும்மா கலர் போட்டது?"

"எங்க வீட்டு ஆம்பளைங்க."

"எதுக்கு?"

அக்கா ஒரு கணம் யோசித்தாள். எங்கள் பக்கம் திரும்பவில்லை. "அது அவங்களுக்கே தெரியாது. நான் வாசிக்கட்டுமா?"

"வாசி," என்றார் அந்த அம்மா.

வாசித்தாள். திரைக்குப் பின்னால் வாசித்ததைவிட நன்றாக இருந்ததா, மோசமாக இருந்ததா என்று சொல்லும் ஞானம் எனக்கில்லை. அப்பா கண்களை மூடிக்கொண்டு கேட்டார். தான் தேய்த்ததில் எவ்வளவு சத்தம் போயிற்று என்று கணக்குப் பார்த்திருப்பார். சித்தப்பா வாயைத் திறந்துகொண்டு கேட்டார். கடைசிச் சுரத்தில் அக்கா வில்லை எடுத்தபோது, நடுவர்களில் ஒருவர் பேனாவைக் கீழே வைத்திருந்தார். நல்ல சகுனமா என்று அப்பா என்னைக் கேட்டார். பேனா தீர்ந்திருக்கலாம் என்றேன்.

மாலையில் முடிவைச் சொன்னார்கள். நாற்காலி வேறொருவருக்கு. அக்காவுக்கு முதல் மாற்று இடம். அதாவது, இரண்டாம் வயலின் வரிசையில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் அக்காவைக் கூப்பிடுவார்கள். கிடைத்தது என்று சந்தோஷப்படவும் முடியாது, கிடைக்கவில்லை என்று யாரையும் முழுதாகத் திட்டவும் முடியாது. எந்த நிறத்திலும் சேராத ஒரு முடிவு.

வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து எச்சில் தொட்டுத் தாடையைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். சாயம் போகவில்லை. சித்தப்பா சொன்னது அதிலாவது உண்மையாக இருந்தது. "கலரால போச்சா, தேய்ச்சதால போச்சா, நான் வாசிச்சதால போச்சா?" என்று ஒருமுறை கேட்டாள். தன்னையே கேட்டுக்கொண்டாள் என்று வைத்துக்கொண்டு மூவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தோம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டாம் வயலின் வரிசையின் உடல்நிலை குறித்து ஆழ்ந்த அக்கறை நிலவுகிறது. அந்த வரிசையில் இருக்கும் மீசைக்காரர் ஒருவர் சித்தப்பாவிடம் பை தைக்கக் கொடுத்திருக்கிறாராம். நேற்று காப்பி குடிக்கும்போது சித்தப்பா அப்பாவிடம் சொன்னார்: "அந்த மீசைக்காரர் லேசா இருமுறாருண்ணே."

"வறட்டு இருமலா, சளியா?"

"வறட்டு மாதிரிதான் இருந்துச்சு."

"விசாரிச்சு வை."

உள்ளறையில் வயலின் சத்தம் நின்றது. "யாருக்கும் காய்ச்சல் வரணும்னு வேண்டிக்காதீங்க!" என்று அக்கா கத்தினாள்.

"வேண்டலம்மா," என்றார் அப்பா. "சும்மா நலம் விசாரிக்கிறோம்."

வயலின் மறுபடி நாலு சுரம் ஒலித்து நின்றது. பிறகு கதவு ஒரு விரல் அளவுக்குத் திறந்தது.

"எந்த மீசைக்காரர்?" என்றாள் அக்கா.